கூடம் கோணலாகத்தான் இருந்தது

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்." சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு ஊறிப்போன பழமொழி. அதனாலேயே முதல் கிட்டார் வாங்கிய ஏழு மாதம் வரைக்கும் அதைப் பற்றி ஒரு குறைகூட நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. விரலில் பலம் இல்லை என்றேன். முப்பத்தாறு வயதில் ஆரம்பித்தால் இப்படித்தான் என்றேன். ஒரு கட்டத்தில் காதிலேயே ஏதோ கோளாறு என்றுகூட நினைத்தேன். கூடம் நிஜமாகவே கோணலாக இருக்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை.

நான் அதை வாங்கிய லட்சணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கறுப்பு நிறம், முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பு, கட்டிப்பிடித்தால் கை சுற்றி வராத பெரிய உடம்பு. சுவரில் தொங்கிய பத்துப் பதினைந்தில் அதுதான் கண்ணை இழுத்தது. கடையில் இருந்த பையன் எடுத்து நாலு கார்டு, அதாவது பல கம்பிகள் சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு, வாசித்துக் காட்டினான். பிரமாதமாக இருந்தது. "நீங்களும் வாசிச்சுப் பாருங்க சார்" என்று நீட்டினான். எனக்கு ஒன்றும் தெரியாது, சுற்றிலும் ஆட்கள். அத்தனை பேர் முன்னால் கம்பியைத் தடவிக்கொண்டு உட்கார வெட்கமாக இருந்தது. "வேண்டாம் தம்பி, நல்லா இருக்கு, பேக் பண்ணிடுங்க" என்றேன். ஒரே ஒரு கம்பியைக்கூட அழுத்திப் பார்க்கவில்லை. செருப்பு வாங்கினால்கூட நாலடி நடந்து பார்க்கிற ஆள் நான்.

வீட்டுக்கு வந்து தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். ஈ மைனர் என்ற கார்டு வந்துவிட்டது. ஜி தட்டுத்தடுமாறி வந்தது. சி பிடித்தால் மட்டும் அபசுரமாகக் கேட்கும். ட்யூனர் என்ற சுருதி காட்டும் கருவியை வைத்து ஒவ்வொரு கம்பியாகச் சுருதி பார்ப்பேன், எல்லாம் பச்சை விளக்கு. மறுபடி சி பிடிப்பேன், மறுபடி அதே புளிப்பு. எஃப் கார்டு பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்கவைத்து அழுத்த வேண்டும். நான் அழுத்தினால் இரண்டு கம்பி பேசும், மீதி நாலு தொண்டை கட்டியது போல 'தப் தப்' என்கும். விரல் நுனி எரிவதை எல்லோரும் சொல்லியிருந்தார்கள், அதை எதிர்பார்த்துத்தான் இருந்தேன். ஆனால் எனக்குக் கட்டைவிரலின் அடிப்பகுதியும் மணிக்கட்டும் வலித்தன. இந்த இரண்டு வலிக்கும் வித்தியாசம் உண்டு என்று அப்போது தெரியாது. நுனி எரிச்சல் சில வாரங்களில் தோல் காய்ப்பு ஏறியதும் போய்விடும். கட்டைவிரல் வலி, ஒரு கார்டைப் பிடிக்கத் தேவைக்கு மேல் நெருக்கிக்கொண்டிருக்கிறாய் என்பதற்கான அறிகுறி. அது நாளாக ஆகக் கூடத்தான் செய்யும்.

ஏழாவது மாதம் கம்பியை முறுக்குகிற சாவி ஒன்று இறுகிக்கொண்டு திரும்ப மறுத்தது. அதைச் சரிபண்ணத்தான் கம்பி வாத்தியங்கள் பழுதுபார்க்கும் ஒரு பெரியவரிடம் எடுத்துப் போனேன். சாவியை இரண்டு நிமிடத்தில் சரிசெய்தார். சுருதி சேர்த்து ஒரு கார்டு பிடித்தார், முகத்தைச் சுளித்தார்.

"தம்பி, இதுலயா கத்துக்கிறீங்க?"

"ஏழு மாசமா. விரல்தான் இன்னும் படியல ஐயா."

அவர் பதில் சொல்லவில்லை. ஒரு கேப்போவை எடுத்து முதல் ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகளில் முதலாவதில், மாட்டினார். கழுத்தின் குறுக்கே ஆறு கம்பியையும் ஒன்றாக அழுத்திப் பிடிக்கிற கிளிப் அது. "இப்ப அதே சி கார்டை இங்கேர்ந்து பிடிங்க" என்றார். பிடித்தேன். எல்லாம் ஒரு ஃப்ரெட் தள்ளி, அதே வடிவம். ஏழு மாதமாக வராத சத்தம் வந்தது. கை வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது போல இருந்தது, புளிப்பும் இல்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். "விரல் படிஞ்சுதான் இருக்கு. நட்டுதான் படியல" என்றார்.

நட் என்பது தலைப்பக்கம் கம்பிகள் ஏறி இறங்குகிற சின்ன வெள்ளைப் பட்டை. அதில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். விலை குறைந்த கிட்டார்களில் தொழிற்சாலையில் அந்தப் பள்ளத்தை வேண்டுமென்றே ஆழம் குறைவாக விட்டுவிடுவார்கள். ஆழம் கூடிப்போனால் கம்பி ஃப்ரெட்டில் உரசி 'ஜிர்ர்' என்று இரையும், வாங்கியவர் திருப்பிக் கொண்டுவருவார். குறைந்தால் விரல் வலிக்கும், அவர் தன்னைத்தான் நொந்துகொள்வார், என்னைப் போல. கேப்போ மாட்டியதும் நட்டின் வேலையை முதல் ஃப்ரெட் எடுத்துக்கொள்கிறது, நட் எவ்வளவு உயரமாக இருந்தாலும் இனிக் கவலை இல்லை. அதனால்தான் கார்டு சட்டென்று சுலபமானது. சி ஏன் அபசுரமாக ஒலித்தது என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. கம்பி ரொம்ப உயரத்தில் இருந்தால் கீழே அழுத்தும்போது அது இழுபடுகிறது, இழுபட்டால் சுருதி ஏறிவிடுகிறது. திறந்த கம்பிகளுக்கு ட்யூனர் பச்சை காட்டியது உண்மைதான். அழுத்திய கம்பிகள் வேறு சுருதியில் பாடிக்கொண்டிருந்தன. என் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

கேப்போ இல்லாமலும் இதைப் பார்க்கலாம் என்று காட்டினார். கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே அதே கம்பியை விரல் நுனியால் தட்டிப் பார்க்க வேண்டும். நட் சரியாக இருந்தால் அங்கே ஒரு மயிரிழை இடைவெளிதான் இருக்கும், தட்டினால் 'டிக்' என்று மிக மெல்லிய ஓசை வரும். என்னுடையதில் ஒரு அட்டையைச் செருகலாம் போல இடைவெளி, தட்டினால் கம்பி ஊஞ்சல் மாதிரி இறங்கிப் போனது.

பிறகு ஒரு சின்ன இரும்பு ஸ்கேலை எடுத்து, பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் நிறுத்தி வைத்தார். ஆறாவது கம்பி, அதாவது தடித்தது, ஃப்ரெட்டிலிருந்து 4 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. இந்த உயரத்தைத்தான் ஆக்‌ஷன் என்கிறார்கள். ஸ்டீல் கம்பி கிட்டாருக்கு அந்த இடத்தில் தடித்த கம்பி சுமார் 2.5 மில்லிமீட்டர், மெல்லிய முதல் கம்பி 1.6 முதல் 2 வரை இருந்தால் புதிதாகக் கற்கிற கைக்குத் தோது. "சரி, இறக்கிடலாமே" என்றேன் அப்பாவியாக. உடம்பில் கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் கட்டைதான் பிரிட்ஜ்; அதன் மேல் கம்பிகளைத் தாங்கி நிற்கும் சேடிலைக் காட்டினார். பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பியின் நட்டநடுவில் இருப்பதால், அங்கே 1 மில்லிமீட்டர் இறங்க வேண்டுமென்றால் சேடிலில் 2 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். 4-ஐ 2.5 ஆக்க 3 மில்லிமீட்டர் வேண்டும். என் சேடில் பிரிட்ஜுக்கு மேலே தெரிந்ததே 2 மில்லிமீட்டர்தான்.

இன்னும் இருந்தது. பிரிட்ஜின் பின்பக்க ஓரத்தில் ஒரு காகிதத்தைச் செருகினார், அது உள்ளே போனது. பசை விட ஆரம்பித்திருந்தது. கிட்டாரைப் படுக்கவைத்து, மேல்பலகையின் குறுக்கே ஸ்கேலை வைத்தார். பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை தொப்பை போட்டிருந்தது, ஸ்கேல் இரண்டு பக்கமும் ஆடியது. கொஞ்சம் தொப்பை எல்லா ஸ்டீல் கம்பி கிட்டாரிலும் உண்டாம், இருக்கவும் வேண்டுமாம். இது கொஞ்சம் இல்லை. 0.012 அங்குலத் தடிமனில் தொடங்கும் லைட் கம்பி செட் ஒன்று சுருதி சேர்ந்து நிற்கும்போது ஆறு கம்பியும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ இழுவை. ஒரு ஆள் இராப்பகலாகத் தொங்கிக்கொண்டிருப்பது மாதிரி. உள்ளே ஒட்டியிருக்கும் மரக் குச்சிகள் அதைத் தாங்கவில்லையென்றால் பலகை உப்பும், கம்பியும் கூடவே மேலே போகும்.

சரியாகச் செய்ய வேண்டுமென்றால் கழுத்தையே கழற்றி, கோணம் மாற்றி, திரும்ப ஒட்ட வேண்டும். அதற்கு ஆகிற செலவில் இன்னொரு கிட்டார் வாங்கலாம் என்றார். நட்டை மட்டும் அரத்தால் இறக்கித் தந்தார். ஒவ்வொரு கம்பியின் தடிமனுக்கும் தனி அரம், தலைமுடி மாதிரி மெல்லியதிலிருந்து ஈர்க்குச்சி வரை. இரண்டு இழுப்பு, கம்பியை உட்காரவைத்து ஒரு தட்டு, மறுபடி ஒரு இழுப்பு. பவுடர் மாதிரி வெள்ளைத் தூள் விரலில் ஒட்டியது. முக்கால் மணி நேரம். அவ்வளவுதான், முதல் மூன்று ஃப்ரெட்டில் வேறு கிட்டார் ஆகிவிட்டது. புதிதாகக் கற்பவர்கள் வாழ்வதே அந்த மூன்று ஃப்ரெட்டில்தான் என்பதால், எனக்கு அதுவே பாதி விமோசனம்.

மீதி பாதிக்கு இன்னொரு கிட்டார் வாங்குவது என்று முடிவெடுத்தேன். இந்தத் தடவை ஒழுங்காக.

ஒழுங்காக என்றால், முதலில் ஒரு மாதத்தை மரம் பற்றிப் படித்தே வீணாக்கினேன். ஸ்ப்ரூஸ் பளிச்சென்று பாடும், சீடர் மென்மையாகப் பாடும், மஹோகனி உலர்ந்த குரல், ரோஸ்வுட் ஆழமான குரல். பொய்யில்லை. ஆனால் எஃப் கார்டு வராதவனுக்கு ரோஸ்வுட்டின் ஆழம் எதற்கு? மரத்தில் ஒரே ஒரு விஷயம்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டியது என்பது என் கட்சி. மேல்பலகை முழு மரமா, ஒட்டுப்பலகையா? முழு மரப் பலகை நன்றாக அதிர்கிறது, வாசிக்க வாசிக்கக் குரல் திறக்கிறது என்று சொல்பவர்கள் நிறைய. ஒட்டுப்பலகை கொஞ்சம் மூடிய குரல், ஆனால் ஈரத்துக்கும் வறட்சிக்கும் அசராது. எது என்று கண்டுபிடிக்க ஒலித்துளையின் விளிம்பைப் பார்த்தால் போதும். மேலே தெரியும் மர ரேகைகள் விளிம்பில் அப்படியே கீழே இறங்கினால் முழு மரம். பிஸ்கட் மாதிரி மூன்று அடுக்கு தெரிந்தால் ஒட்டு. சில கிட்டார்களில் விளிம்புக்குப் பட்டை அடித்தோ சாயம் பூசியோ மறைத்திருப்பார்கள், அப்போது விவரத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டியதுதான். பின்பலகையும் பக்கங்களும் ஒட்டாக இருப்பதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. இன்றுவரை அதற்காக வருந்தவும் இல்லை.

மரத்தைவிட எனக்கு உண்மையில் வேலை வைத்தது அளவுதான். என் கறுப்புக் கிட்டார் ட்ரெட்நாட் வடிவம். 1916-இல் அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி டிட்சன் என்ற இசைக் கடைக்காகச் செய்துகொடுத்த வடிவம் அது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பெயருக்கேற்ற உடம்பு: அடிப்பக்க அகலம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர், ஆழம் 12. பாட்டுக்குப் பின்னால் எல்லாக் கம்பியையும் சேர்த்துப் பலமாக ஸ்ட்ரம் பண்ண அருமையான வடிவம். கடைகளில் பெரும்பாலும் கண்ணில் படுவதும் அதுதான். நான் உயரம் குறைவான ஆள். அதை மடியில் வைத்தால் வலது தோள் காதை நோக்கி ஏறிவிடும், இடது கை எங்கே பிடிக்கிறது என்று பார்க்க எட்டிக் குனிய வேண்டும். அரை மணி நேரத்தில் முதுகு பிடித்துக்கொள்ளும். அதையும் பயிற்சிக் குறைவு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதே மார்ட்டின் கம்பெனி 1929-இல் பெர்ரி பெக்டெல் என்ற பாஞ்சோ கலைஞர் கேட்டுக்கொண்டதற்காகச் செய்த ஓஎம் வடிவம் இருக்கிறது. பாஞ்சோவின் நீளமான கழுத்துக்குப் பழகிய கைக்கு, உடம்பைத் தொடுவதற்கு முன்பே 14 ஃப்ரெட் வெளியே இருக்க வேண்டும் என்பது அவர் தேவை. இன்று பெரும்பாலான ஸ்டீல் கம்பி கிட்டார்களில் 14 ஃப்ரெட் வெளியே இருப்பது அந்த வழியில் வந்ததுதான். ஓஎம்மின் இடுப்பு ஒடுங்கியிருக்கும், அடிப்பக்கம் 38 சென்டிமீட்டர், ஆழம் 10.5. காகிதத்தில் பார்த்தால் 2 சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம். மடியில் வைத்தபோது சட்டை அளவு மாறியது மாதிரி இருந்தது. வலது கை தானாகத் துளைக்கு நேராக விழுந்தது.

கம்பி நீளம் இன்னொன்று. நட்டிலிருந்து சேடில் வரை உள்ள இந்த நீளத்தை ஸ்கேல் லெங்த் என்பார்கள். 25.5 அங்குலம் பொதுவானது, 24.9 அங்குலத்திலும் கிடைக்கிறது. அரை அங்குலம்தானே என்று நானும் முதலில் தள்ளிவிட்டேன். ஆனால் அதே கம்பியை அதே சுருதிக்கு ஏற்றும்போது இழுவை நீளத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். கணக்குப் போட்டால் சின்ன ஸ்கேலில் இழுவை ஏறத்தாழ 5 சதவீதம் குறைகிறது. ஃப்ரெட்டுகளும் ஒரு நூல் நெருங்கி வருவதால் சுண்டுவிரல் எட்டுகிறது. கை சின்னதாக இருப்பவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள் என்பேன். ஆனால் கடையில் 'சின்ன சைஸ்' என்று கேட்டால் குழந்தைகளுக்கான கிட்டாரைக் காட்டிவிடுகிறார்கள். ஸ்கேல் லெங்த் என்று எண்ணைச் சொல்லியே கேட்க வேண்டும்.

நட்டின் அகலம் 43 மில்லிமீட்டரா 44.5-ஆ என்பதில் எனக்குப் பெரிய கட்சி இல்லை. விரல் தடித்தவர்களுக்கு அகலமானது பக்கத்துக் கம்பியில் இடிக்காமல் இருக்கும். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது.

"முதல்ல நைலான் கம்பியில ஆரம்பி, அப்புறம் ஸ்டீலுக்கு வா" என்று சொன்னவர்களும் உண்டு. விரலுக்கு இதம் என்பது சரிதான், அதன் மொத்த இழுவை ஸ்டீலில் பாதியளவுதான். ஆனால் கழுத்து 52 மில்லிமீட்டர் அகலம், குரலும் வேறு. நான் வாசிக்க நினைத்த பாட்டுகள் எல்லாம் ஸ்டீல் கம்பியின் மணியோசையில் காதில் விழுந்தவை. ஆசைப்பட்ட சத்தம் வராத வாத்தியத்தில் எத்தனை நாள் உட்கார முடியும்? என் நண்பன் ஒருவன் இரண்டையும் கலந்தான். நைலான் கிட்டாரில் ஸ்டீல் கம்பி போட்டால் இரண்டு நன்மையும் கிடைக்கும் என்று ஒரு நாள் மாலை மாட்டினான். இரவு ஏதோ பட்டாசு வெடித்த சத்தம். காலையில் பார்த்தால் பிரிட்ஜ் பலகையிலிருந்து பிய்ந்து, கம்பிகளோடு தொங்கிக்கொண்டிருந்தது. மெல்லிய பலகையையும் விசிறி போல அடுக்கிய மெல்லிய குச்சிகளையும் நம்பி இருமடங்கு இழுவையைக் கட்டிவிட்டான் பாவம். ஸ்டீல் கம்பி கிட்டாருக்குள் எக்ஸ் வடிவில் கனமான குச்சிகள் இருப்பது அந்த இழுவைக்காகத்தான்.

அதே நண்பனைத்தான் இரண்டாவது கிட்டார் வாங்கத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நன்றாக வாசிப்பான், கம்பி மாட்டுவதில்தான் கொஞ்சம் முன்பின். முதல் கடையில் ஒன்றை எடுத்து வெளுத்து வாங்கினான். "மச்சான், இதுதான்டா!" நான் வாங்கிப் பிடித்தேன். ஆக்‌ஷன் 3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. அவன் பிக் என்ற சின்ன வில்லையால் பலமாக அடிக்கிறவன், அவனுக்குக் கம்பி உயரமாக இருந்தால்தான் இரையாமல் நிற்கும். எனக்கு அது மறுபடியும் அதே கறுப்புக் கிட்டார். நன்றாக வாசிப்பவரைக் கூட்டிப்போங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், அதில் இந்த ஒரு ஆபத்து இருக்கிறது. அவர் தன் கைக்குத்தான் தேடுவார். கடைக்காரர் வாசித்துக் காட்டுவதும் அப்படித்தான். அவர் கையில் கட்டைகூடப் பாடும்.

ஆகவே வேலையைப் பிரித்துக்கொண்டோம். பிடித்துப் பார்ப்பது நான், கேட்பதற்கு வாசிப்பது அவன். எனக்குத் தெரிந்தது மூன்று கார்டு. அதைக் கடையில் வாசிக்க வெட்கப்பட்டதன் விலையை ஏழு மாதம் கொடுத்தாகிவிட்டதால், இந்தத் தடவை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு மூலையில் உட்கார்ந்துவிட்டேன். எதுவும் வாசிக்கத் தெரியாதவரும் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. ஆறாவது கம்பியில் தொடங்கி, முதல் ஃப்ரெட், இரண்டாவது, மூன்றாவது என்று பன்னிரண்டு வரை ஒவ்வொன்றாக அழுத்தி மீட்டுவது. பிறகு ஐந்தாவது கம்பி. இப்படி ஆறு கம்பியும். பத்து நிமிடம் ஆகும், பாட்டு மாதிரி இருக்காது, கடைப்பையன் கொட்டாவி விடுவான். விடட்டும். எங்காவது ஓரிடத்தில் மட்டும் இரைந்தால் அங்கே ஒரு ஃப்ரெட் தூக்கி நிற்கிறது. எங்கும் இரைந்தால் ஆக்‌ஷன் ரொம்பத் தாழ்வு, அல்லது கழுத்து பின்னால் வளைந்திருக்கிறது. விரலை ஃப்ரெட்டுக்கு மேலே வைக்காமல் அதை ஒட்டித் தலைப்பக்கமாக வைத்து அழுத்த வேண்டும், தள்ளி வைத்தால் நல்ல கிட்டாரும் இரையும். சந்தேகம் வந்த இடத்தை நண்பனை அழுத்தச் சொன்னேன். அவன் அழுத்தினாலும் இரைந்தால் வாத்தியத்தின் குற்றம்.

அப்புறம் பன்னிரண்டாவது ஃப்ரெட் சோதனை. கம்பியை அழுத்தாமல் சரியாக அந்த ஃப்ரெட்டுக்கு மேலே விரலால் தொட்டு மீட்டினால் மணி மாதிரி ஒரு ஹார்மோனிக் வரும். அதே இடத்தில் அழுத்தி மீட்டினாலும் அதே ஸ்வரம் வர வேண்டும். ட்யூனரில் முள் கொஞ்சம் ஆடினால் பரவாயில்லை. கண்ணுக்குத் தெரிய ஏறியோ இறங்கியோ நின்றால் சேடில் சரியில்லை, அல்லது கம்பி பழசு. கழுத்தின் ஓரத்தில் உள்ளங்கையை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தேன். ஒரு கிட்டாரில் ஃப்ரெட் முனைகள் ரம்பம் மாதிரி கீறின. மரம் வறண்டு சுருங்கும்போது உலோகம் சுருங்காது, அது வெளியே துருத்தும். அந்தக் கிட்டாரை நீண்ட நாள் வறட்சியில் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருப்பது முழு மரக் கிட்டாருக்கு நல்லது. வறண்டால் பலகை அமிழும், ஈரம் கூடினால் உப்பி ஆக்‌ஷன் ஏறும். நேற்று நன்றாக இருந்த கிட்டார் இன்று கனமாகத் தெரிந்தால் பெரும்பாலும் பருவநிலையின் வேலைதான்.

மூன்று கிட்டார் மிஞ்சின, மூன்றும் கைக்கு ஒத்துவந்தன. நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். நண்பன் ஒரே கார்டு வரிசையை ஒவ்வொன்றிலும் வாசித்தான், வரிசை மாற்றி இரண்டு சுற்று. இரண்டு சுற்றிலும் நான் கை தூக்கியது ஒன்றுக்குத்தான். திரும்பிப் பார்த்தால் மூன்றில் அழகில்லாதது அதுதான். மங்கலான மஞ்சள் பலகை, அலங்காரம் எதுவும் இல்லை. முழு ஸ்ப்ரூஸ் மேல்பலகை, ஒட்டுப்பலகைப் பின்புறம், ஓஎம் வடிவம், 24.9 அங்குலம். ரோஸ்வுட் முதுகு போட்டிருந்த இன்னொன்றின் மேல்தான் எனக்குக் கண் இருந்தது. கண்ணை நம்பி ஏற்கெனவே ஒரு தடவை வாங்கியாகிவிட்டது.

உடம்பின் தோள்பக்கத்தில் கட்டவே என்ற வெட்டு இருந்தால் நல்லது, உள்ளே பிக்கப் என்ற ஒலிவாங்கி வைத்தது எடுத்தால் மேடையில் உதவும் என்றார் கடைக்காரர். மேடை எனக்கு எந்த ஜென்மத்தில் என்று தெரியாததால் இரண்டையும் வேண்டாம் என்றேன். அந்தப் பணத்தில் கொஞ்சத்தை அதே பெரியவரிடம் கொடுத்து செட்டப் செய்யச் சொன்னேன். புதுக் கிட்டாரை வாங்கியவுடனே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோவது விசித்திரமாகத் தோன்றலாம், ஆனால் அந்தச் செலவை நான் கிட்டாரின் விலையிலேயே சேர்த்துக் கணக்குப் போட்டிருந்தேன். அவர் கழுத்தின் வளைவைத்தான் முதலில் பார்த்தார். ஒரு கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் பதினான்காவதிலும் சேர்த்து அழுத்தினால் அந்தக் கம்பியே ஒரு நேர்க்கோல் ஆகிவிடும். நடுவில், ஏழாவது ஃப்ரெட் பக்கம், 0.2 அல்லது 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இதில் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைக் கால் திருப்பு இறுக்கினார், அவ்வளவே. "இத வீட்ல நீங்களா முறுக்கக் கூடாது தம்பி, கை பழகுற வரைக்கும்" என்று சாவியை என்னிடம் தராமல் மேஜைக்குள் போட்டுக்கொண்டார். நட் இரண்டு இழுப்பு, சேடில் கொஞ்சம் தேய்ப்பு. 0.012 அங்குலத்தில் தொடங்கும் செட்டைக் கழற்றிவிட்டு 0.011-இல் தொடங்கும் செட் போட்டார். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் விரலுக்குத் தெரியுமா என்று கேட்டேன். நன்றாகவே தெரிந்தது. சத்தம் ஒரு பிடி குறைந்ததும் தெரிந்தது, எனக்கு அது பொருட்டில்லை.

பழைய கிட்டார் வாங்குகிறவர்களுக்கும் இதே சோதனைகள்தான், ஆனால் வரிசை வேறு. முதலில் சேடில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். ஆக்‌ஷன் உயரமாகவும் சேடில் தாழ்வாகவும் இருந்தால், என்ன விலை குறைத்தாலும் வேண்டாம். ஆக்‌ஷன் உயரம், சேடிலும் உயரம் என்றால் தாராளமாக வாங்கலாம், தேய்த்தால் சரியாகிவிடும். பிரிட்ஜுக்குப் பின்னால் காகிதம் போகிறதா என்று அடுத்து. கீறல், தழும்பு, மங்கல் எல்லாம் நமக்கு லாபம், அதைக் காட்டியே பேரம் பேசலாம்.

எஃப் கார்டு புதுக் கிட்டாரில் ஐந்தாவது வாரம் வந்தது. ஆறு கம்பியும் பேசியதா என்று ஒவ்வொன்றாக மீட்டிப் பார்த்தேன், மூன்றாவது கம்பி மட்டும் கொஞ்சம் முனகியது. அது என் விரல்தான், இந்தத் தடவை கிட்டார் மேல் பழி போட வழியில்லை.

கறுப்புக் கிட்டாரை விற்க மனம் வரவில்லை. வாங்குகிறவர் இன்னொரு ஏழு மாதம் தன்னையே திட்டிக்கொள்வாரே என்ற பயம். மூலையில் சாத்தி வைத்திருந்ததைப் பார்த்த பெரியவர்தான் ஒரு யோசனை சொன்னார். கண்ணாடிக் குழலை விரலில் மாட்டிக்கொண்டு கம்பியின் மேல் வழுக்கி வாசிக்கும் ஸ்லைடுக்குக் கம்பி உயரமாகத்தான் இருக்க வேண்டும், தாழ்வாக இருந்தால் குழல் ஃப்ரெட்டில் இடித்து 'டங் டங்' என்கும். நட்டை அவரே இறக்கியிருந்ததால் அதன் மேல் ஒரு உயரத் துண்டைப் பொருத்தித் தந்தார். கம்பிகளைத் திறந்த டி சுருதிக்கு மாற்றினோம். டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. நாலு கம்பி இறங்குகிறது, இரண்டு அப்படியே நிற்கிறது, எதுவும் ஏறுவதில்லை. இழுவை குறைவதால் தொப்பைக்கும் நிம்மதி. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் சுண்டுவிரலில் குழலை மாட்டிக்கொண்டு அதோடு உட்காருகிறேன். எதையும் அழுத்த வேண்டியதில்லை, ஃப்ரெட்டுக்கு நேராகத் தொட்டால் போதும். இன்னும் ஒழுங்காகச் சுருதியில் நிற்கவில்லை, குழல் ஒரு நூல் முந்திப் போய்விடுகிறது. பக்கத்து அறையிலிருந்து என் பெண், "அப்பா, அந்தக் கிட்டாருக்கு என்ன ஆச்சு, அழுவுதா?" என்று கேட்கிறாள்.